இரட்சணியக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை

பொருநையாறு பாயும் திருநெல்வேலிச் சீமை தமிழுக்கு அளித்த புலவர்கள் பலராவர். திருக்குருகூரில் நம்மாழ்வாரை ஈன்ற அந்நாடே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மற்றுமொரு பெரும் பக்திக் கவிஞரை நமக்குத் தந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று அறிஞர்கள் போற்றும் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை அவர்களே அப்பெருமகனார். பிறந்த ஊரை விட்டுப் பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நாம், சமய வேறுபாடு கருதாது, அன்னாரின் வரலாற்றை ஒருமுறையேனும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழ்ச் சுவையை நாடுவோர்க்கு அவர் காவியம் ஒரு கருவூலம். தம் நெஞ்சைத் தாமே ஆராய விரும்புவோர்க்கு அவர் வாழ்க்கை ஒரு கண்ணாடி.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியைச் சார்ந்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை, தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் நல்ல பயிற்சி உடையவர். ஆகவே மழலைப் பருவம் தொட்டே கம்பன் கவி அவர் செவியில் விழுந்து கொண்டிருந்தது. பின்னர் இலக்கண இலக்கியங்களை முறைப்படி பயின்று, இளமையிலேயே புலவர் என்னும் பெயரும் பெற்றார்.

1853ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஜி. யு. போப் அவர்களின் முயற்சியால் சாயர்புரத்தில் எழுந்த கல்விச்சாலைக்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டுப் பெரும் புகழ் எய்திய கால்டுவெல் அவர்களே தகுதியுடையாரைத் தேர்ந்தெடுத்தார். கிருஷ்ண பிள்ளை தேர்வு பெற்றார். நெற்றியில் திருமண் துலங்க, நாவில் நாலாயிரமும் கம்பனும் நடம் புரிய, அவர் மிஷனரிமார் நடத்திய பள்ளிக்குத் தமிழ் கற்பிக்கச் சென்றார். வேற்றுச் சமயத்தைத் தழுவும் எண்ணம் அப்போது அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை. அதனை எதிர்க்கும் எண்ணமே இருந்தது.

எனினும் சாயர்புரத்தில் கிறிஸ்தவ வேதத்தையும் அதனைச் சார்ந்த நூல்களையும் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. நண்பர் தனக்கோடி ராஜு என்பாரின் தொடர்பும் அவர் உள்ளத்தை அசைத்தது. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே கிறிஸ்தவ நெறியை ஏற்றார். பல நாள் உள்ளப் போராட்டத்திற்குப் பின்னர், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூரில் உள்ள பரிசுத்த தோமா ஆலயத்தில் கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 31 நிரம்பும் தறுவாய். ஹென்றி ஆல்பிரட் என்பது அன்று அவர் ஏற்ற பெயர். எனினும் தாய் தந்தையர் இட்ட கிருஷ்ணன் என்ற பெயரை அவர் துறந்தாரில்லை. இறுதி வரை இரு பெயர்களையும் சேர்த்தே வழங்கினார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அக்காலத்தில் உயர்குலத்துப் புலவர் ஒருவர் மதம் மாறுவது எளிய செயலன்று. உறவினர் பந்தியில் இடமில்லை. ஊரார் மதிப்பில் இடமில்லை. வீட்டார் கண்ணீருக்கு மறுமொழி இல்லை. பொருள் வேண்டி மாறினார் என்று சொல்வதற்கும் இடமில்லை. தமிழாசிரியர் பதவி வைணவராக இருந்தபோதே அவருக்குக் கிடைத்துவிட்டது. அங்ஙனமாயின் அவரை உந்தியது எது? தாம் ஒரு பாவி என்ற உணர்வும், அப்பாவத்தைத் தீர்க்க ஒருவர் தம்மையே பலியாகத் தந்தார் என்ற நம்பிக்கையுமே என்பதை அவர் இயற்றிய நூல்கள் அனைத்தும் காட்டுகின்றன.

பாவி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் திருடனையும் கொலைஞனையும் எண்ணுகிறோம். கிருஷ்ண பிள்ளையோ ஒழுக்கத்தில் குறை காண முடியாதவர். கற்றவர், பக்தர், ஆசாரம் தவறாதவர். ஊரார் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே பற்று ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அவர் தம்மைத் தாமே பாவி என்று கண்டார். இஃது எவ்வாறு என்று கேட்போர்க்கு நம் தமிழ் மரபிலேயே விடை உண்டு. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையராகக் கருதிப் பாடினார். ஆழ்வார்களும் தம் குறைகளை எண்ணி எண்ணி உருகினர். அவர்கள் ஊரில் கெட்ட பெயர் எடுத்தவர்கள் அல்லர். விளக்கு மங்கலாக எரியும் அறையில் தூசு தெரிவதில்லை. சாளரத்தைத் திறந்து கதிரொளியை உள்ளே விட்டால்தான் காற்றெல்லாம் தூசாகத் தெரிகிறது. இறைவனுடைய தூய்மையை அணுக அணுகத் தன் மாசு மனிதனுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இவ்வுணர்வு கிருஷ்ண பிள்ளைக்குப் புதிதன்று. சரணாகதி என்னும் வைணவக் கோட்பாட்டில் வளர்ந்தவர் அவர். அவர் கிறிஸ்துவிடம் புதிதாகக் கண்டது வேறொன்று: மன்னிப்பவரே கடனையும் செலுத்தினார் என்பது.

இதனை விளக்க இயேசுபெருமான் சொன்ன உவமை ஒன்று லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் உள்ளது. சீமோன் என்னும் பரிசேயன் வீட்டு விருந்தில், ஊரார் பாவி என்று ஒதுக்கிய ஒரு பெண் அழைப்பின்றி நுழைந்து, இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்துப் பரிமளத் தைலம் பூசினாள். விருந்தளித்தவன் உள்ளுக்குள் முகஞ்சுளித்தான். அப்போது பெருமான் அவனிடம் இரு கடனாளிகளைப் பற்றிக் கூறினார். ஒருவன் 500 வெள்ளிக்காசு கடன்பட்டவன். மற்றவன் 50 காசு கடன்பட்டவன். இருவரிடமும் கொடுக்க ஒன்றுமில்லை. கடன் கொடுத்தவன் இருவரையும் மன்னித்தான். எவன் மிகுதியாக அன்பு செலுத்துவான் என்பதே கேள்வி.

நம்மைப் போன்ற எழுத்தர்களுக்குக் கணக்கென்றால் எளிதில் விளங்கும். அக்காலத்துக் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு காசு. ஆக ஒருவனுடைய கடன் ஒன்றரை ஆண்டு ஊதியத்துக்கும் சற்று அதிகம். மற்றவனுடையது இரண்டு மாத ஊதியத்துக்கும் குறைவு. வேறுபாடு பெரிதுதான். ஆனால் உவமையின் உயிர்நிலை தொகையில் இல்லை. இருவரிடமும் கொடுக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு 50 காசும் தீராத கடனே. விருந்தளித்த சீமோன் தன் கடன் சிறிதென்று எண்ணினான். ஆகவே வந்த விருந்தினர்க்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. தன் கடனின் அளவை அறிந்த பெண்ணோ விலையுயர்ந்த தைலத்தையே ஊற்றினாள். கடனை அறியும் அளவே நன்றியின் அளவு. இந்த ஓர் உண்மையே கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கைக்கும் காவியத்துக்கும் அடித்தளம்.

இனி அக்காவியம் பிறந்த வரலாற்றுக்கு வருவோம். அதற்கு முதலில் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1628ஆம் ஆண்டு பெட்போர்டு நகருக்கு அருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஜான் பனியன் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் எளிய தொழில் அவருடையது. அவர் தம் பாவங்கள் என்று பட்டியலிட்டவை யாவை? நாவடக்கமின்றிச் சூளுரைத்தல், ஞாயிற்றுக்கிழமையில் விளையாடுதல், நடனமாடுதல், ஆலய மணியடிப்பதில் களித்தல் முதலியன. நமக்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். அவரோ இவற்றை எண்ணி ஆண்டுக்கணக்கில் துயருற்றார். பின்னர் மன்னிப்பின் ஆறுதலைப் பெற்றுப் போதகரானார். அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660 முதல் 1672 வரை 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1678இல் அவர் வெளியிட்ட நூல்தான் உலகெங்கும் பரவிய, மோட்ச பிரயாணம் என்று நம்மவர் அறிந்துள்ள அரிய உருவகக் கதை.

அக்கதையின் தலைவன் முதுகில் ஒரு சுமையோடு தோன்றுகிறான். நாச நகரத்தில் அவனோடு வாழ்ந்தவர்கள் எல்லாரும் பாவிகளே. எனினும் சுமையின் பாரத்தை உணர்ந்து வருந்துபவன் அவன் ஒருவனே. அவன் கையில் உள்ள வேதத்தைப் படித்த பின்னரே பாரம் உறைக்கிறது. சுமையை இறக்க அவன் பல வழி தேடுகிறான். நல்லொழுக்கம் என்னும் ஊரில் சட்ட நிபுணர் ஒருவர் சுமையை இறக்கித் தருவார் என்று ஒருவன் வழிகாட்ட, அத்திசையில் சென்று மலை தன்மீது சாய்ந்துவிடுமோ என்று நடுங்கி நிற்கிறான். இடுக்கமான வாயிலைக் கடந்த பின்னும் சுமை இறங்கவில்லை. சிலுவை நின்ற மேட்டை அடைந்தபோது, அவன் கையை எடுத்து அவிழ்க்காமலே, கட்டறுந்து உருண்டு கீழிருந்த கல்லறைக்குள் வீழ்ந்து மறைகிறது. அவன் வியக்கிறான், அழுகிறான், பின்பு களிப்பால் துள்ளுகிறான்.

இருப்புப்பாதையில் பணிபுரியும் நாம் நாள்தோறும் சுமையோடு வரும் பயணிகளைக் காண்கிறோம். தலையில் மூட்டையுடன் நடைமேடையில் நெடுந்தூரம் நடந்து வந்தவர்க்குத்தான் அதை வண்டியில் ஏற்றிவிட்ட பின்னர் வரும் பெருமூச்சின் இனிமை தெரியும். கைவீசி வந்தவருக்கு அப்பெருமூச்சு இல்லை. பாவ உணர்வு என்பது வருந்துவதற்காக மட்டும் தரப்பட்ட தண்டனையன்று. விடுதலையின் சுவையை அறிவதற்கு அதுவே வாயில்.

பாத்திரம் அடைப்பவர் சிறைவாசத்துக்குப் பின் வெளியிட்ட இக்கதை, கம்பனில் ஊறிய வேளாளப் புலவரின் நெஞ்சில் விதையாக விழுந்தது. அதன் விளைவே இரட்சணிய யாத்திரிகம். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக, 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில் அமைந்த பெருங்காப்பியம் இது. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் இதழில் பகுதி பகுதியாக வெளியாகி, 1894இல் முழு நூலாக வெளிவந்தது. நெடுங்காலம் உழைத்துச் செதுக்கிய சிற்பம் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இது வெறும் மொழிபெயர்ப்பு அன்று. பனியன் எழுதியது உரைநடை. இதுவோ விருத்தப்பாக்களால் ஆன காவியம். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் தமிழ் மரபுக்கேற்ப இதில் இடம் பெறுகின்றன. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாக்களை அமைத்துள்ளார். கதைத் தலைவனுக்கு ஆத்தும விசாரி என்று அவர் இட்ட பெயரே பொருள் பொதிந்தது: தன் ஆன்மாவை விசாரணை செய்பவன் எவனோ அவனே இப்பயணத்திற்கு உரியவன்.

இவை எல்லாவற்றினும் நாம் உற்று நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. பனியனின் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. பயணி வருகிறான், சுமை வீழ்கிறது, மேலே நடக்கிறான். அந்நாட்டு வாசகர் சிலுவையின் வரலாற்றைக் குழந்தைப் பருவம் முதல் கேட்டவர்கள், விளக்கம் வேண்டாதவர்கள். கிருஷ்ண பிள்ளையோ அவ்விடத்தை விரைந்து கடக்க மனம் ஒப்பவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை நெடிய படலமாக விரித்து, தோட்டத்தில் பட்ட துயர், நண்பனின் காட்டிக்கொடுத்தல், விசாரணை, கசையடி, குருசில் அறைதல் என ஒவ்வொன்றையும் நின்று நின்று பாடுகிறார். துன்புறுத்தியவர்களையும் மன்னிக்குமாறு வேண்டிய அந்தப் பொறுமையைப் பாடுமிடத்தில் அவர் கவி உச்சநிலையை எய்துகின்றது.

இவ்வாறு விரித்தது எதற்காக? தமிழ் வாசகர் அவ்வரலாற்றை அறியாதவர் என்பது ஒரு காரணம். காவியத்துக்கு விரிவு அழகு என்பது மற்றொரு காரணம். எமக்குத் தோன்றும் பெருங்காரணம் ஒன்றுண்டு. கடன் அடைந்துவிட்டது என்று மட்டும் கேட்டவன் மகிழ்வான். எவ்வளவு விலை கொடுத்து அடைக்கப்பட்டது என்று கண்டவனே நன்றியால் உருகுவான். தம்முடைய பாவத்தின் எடையைக் கிருஷ்ண பிள்ளை தம் குற்றப் பட்டியலைக் கொண்டு அளக்கவில்லை. சிலுவையில் செலுத்தப்பட்ட விலையைக் கொண்டு அளந்தார். பாவ உணர்வும் நன்றியும் அவரிடம் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. ஒரே காட்சியில் இரண்டும் பிறந்தன.

பாவம் வெளிப்படையாகப் பெரிதாயிருந்தவர்களின் வரலாறும் இவ்வுண்மையையே உரைக்கின்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் நியூட்டன் (1725–1807) ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராயிருந்தவர். பின்னர் குருவானார். 1779இல் அச்சேறிய, வியத்தகு கிருபையைப் பற்றிய அவருடைய ஞானப்பாட்டு இன்றும் உலகெங்கும் பாடப்படுகின்றது. அவர் பாடியதோடு நிற்கவில்லை. 1788இல் அடிமை வாணிகத்தின் கொடுமையைத் தாம் கண்டவாறே எழுதி வெளியிட்டார். 1807இல் அவ்வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய ஆண்டிலேயே கண்மூடினார். மெய்யான நன்றி கண்ணீரோடு முடிவதில்லை. அது கைகளுக்கும் வேலை தருகின்றது.

கிருஷ்ண பிள்ளையின் நன்றி தமிழ்ப்பணியாக மலர்ந்தது. சாயர்புரத்திலும் திருநெல்வேலியிலும் மாணவர்க்குத் தமிழமுதம் ஊட்டினார். பின்னர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கினார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக அமர்ந்திருந்த கல்லூரி அது. போற்றித் திருவகவல், இரட்சணிய சமய நிர்ணயம், இரட்சணிய மனோகரம் முதலிய நூல்களையும் அவர் அருளினார். நூற்பெயர்களை நோக்குங்கள்: இரட்சணியம், இரட்சணியம் என்றே அவர் பேனா திரும்பத் திரும்ப எழுதியது. பெற்ற விடுதலையைச் சொல்லிச் சொல்லி அலுக்காத உள்ளம் அது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், தம் 72ஆம் வயதில், அக்கவிஞரின் யாத்திரை நிறைவெய்தியது.

பாவ உணர்வைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே கூறுதல் தகும். சிலர் தம்மைத் தாமே இகழ்ந்து கொண்டிருப்பதையே பக்தி எனக் கருதுவர். வீட்டிலும் பிள்ளைகளை ஓயாது குற்றஞ்சாட்டி, அவர்கள் முகத்தை வாட்டுவர். இது கிருஷ்ண பிள்ளை காட்டிய வழியன்று. சிலுவை மேடு வரை நடக்காமல் பாதி வழியில் சுமையோடு உட்கார்ந்துவிட்டவனின் நிலையே அது. ஆத்தும விசாரியின் பயணம் சுமையில் தொடங்குகிறது; சுமையில் முடிவதில்லை. மற்றொரு பக்கம், நமக்கென்ன குறை என்று நிமிர்ந்து நடப்போரும் உளர். அலுவலகத்துக்குக் காலந்தவறாமல் செல்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறோம். அண்டை வீட்டாரோடு வழக்கில்லை. பின் எதற்கு மன்னிப்பு என்று வினவுவர். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே. பிறர் தவறு செய்யும்போது நம் நெஞ்சு எவ்வளவு விரைவில் கல்லாகிறது? தான் மன்னிக்கப்பட்டவன் என்பதை அறிந்தவன் பிறரைக் கழுத்தைப் பிடித்து நெருக்கமாட்டான். மன்னிப்பை வேண்டாதவனுக்கு மன்னிக்கவும் தெரிவதில்லை. குடும்பங்கள் உடைவதும் உடன்பிறந்தார் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருப்பதும் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே.

1809இல் பெங்களூரில் தண்டு அமைந்த காலந்தொட்டே தமிழர் இவ்வூருக்கு வந்து குடியேறினர். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் நம்மவர் வரவு மேலும் பெருகியது. வந்தவர்கள் தம் கோயிலையும் பள்ளிவாசலையும் மாதாகோயிலையும் தமிழோடு சேர்த்தே கட்டினர். இன்றும் இந்நகரின் பல தேவாலயங்களில் தமிழில் வழிபாடு நடைபெறுகின்றது. கிருஷ்ண பிள்ளையின் கீர்த்தனையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடி மகிழ்கின்றனர். ஆனால் அவருடைய காவியத்தை எடுத்துப் படிப்போர் அருகிவிட்டனர். கம்பனைக் கற்கும் அன்பர்கள் இரட்சணிய யாத்திரிகத்தையும் கற்பார்களாயின், தாம் நன்கறிந்த தமிழ் புதியதொரு கோயிலில் விளக்கேற்றி நிற்பதைக் கண்டு இன்புறுவர். கிறிஸ்தவ அன்பர்கள் அதனைக் கற்பார்களாயின், தம் மூதாதையர் எத்துணை உருக்கத்தோடு நன்றி கூறினர் என்பதை உணர்வர்.

வைணவத்தில் பிறந்து, கம்பனில் வளர்ந்து, கிறிஸ்துவில் சரண் புகுந்து, தமிழில் நன்றி செலுத்திய அப்பெருமகனாரின் புகழ் நம் காலனிக் குடும்பங்களில் நிலைத்து நிற்பதாக. நம் பிள்ளைகள் அவர் பெயரை அறிந்து வளர்வார்களாக. மன்னிக்கப்பட்டவர்கள் மன்னிப்பவர்களாகவும், பெற்றுக்கொண்டவர்கள் கொடுப்பவர்களாகவும் வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.